போதும்மா

"பரீட்சையில 'போதும்மா'ன்னு சொல்ல நீங்க பக்கத்துல இல்லையேப்பா."

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். கல்லூரியில் படிக்கும் வயது. பியானோ பரீட்சையில் வாசித்துவிட்டு அப்பாவோடு ஊர் திரும்புகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

"கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். நல்லா போயிட்டிருந்தது, திடீர்னு நின்னுடுச்சு. வீட்டுல நல்லாத்தானேம்மா வாசிச்ச?"

"வீட்டுல பாதிதானே வாசிச்சேன். யார் வந்தாலும் வாசிக்கச் சொல்வீங்க. பாட்டு நடுவுல அந்தக் கஷ்டமான எடம் வர்றதுக்குள்ள போதும்மான்னு நிறுத்திடுவீங்க. வந்தவங்க கை தட்டுவாங்க."

"நாலு பேர் முன்னாடி நீ தப்பு பண்ணி அசிங்கப்படக் கூடாதுன்னுதான்."

"சரி, யாரும் இல்லாதப்ப? அந்த எடத்தை மட்டும் மெதுவா, திரும்பத் திரும்ப வாசின்னு மிஸ் சொன்னாங்க. நான் வாசிச்சா, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது, முதல்லேர்ந்து அழகா வாசின்னு சொன்னது யாரு?"

அவர் கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். பாபநாசம் நெருங்கும்போது அவருடைய போன் அடித்தது.

"ஆமாண்ணே, முடிஞ்சுது. பிரமாதமா ஆரம்பிச்சா. முதல் பாதியை நீங்க கேட்டிருக்கணும், அவ்வளவு சுத்தம்."

அவள் ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் கட்டியிருந்த வயல்களைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அதோட போனை வச்சிடுங்கப்பா. அடுத்து அந்த எடம்தான் வரும்."