நிரந்தர மாப்பிள்ளைக்குக் கண் பரிசோதனை

— ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?

— ரெண்டும் நல்லாத்தான் இருக்கு மேடம். நீங்க எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

— சம்மதம் கேக்கல சார். எந்த லென்ஸ்ல எழுத்து தெரியுதுன்னு கேட்டேன்.

— ரெண்டாவதுல.

— போன வாரமும் ரெண்டாவதுன்னுதான் சொன்னீங்க. அதை நம்பித்தான் கண்ணாடி செஞ்சு கொடுத்தோம். இன்னிக்கு அதையே மாட்டிக்கிட்டு வந்து எங்க கடைக் கதவுல முட்டிக்கிட்டு நிக்கிறீங்க.

— லேசாத்தான் முட்டினேன். நம்புங்க, வீக்கம்கூட இல்ல.

— தலையை ஆட்டாதீங்க, லென்ஸ் மாட்டற சட்டம் மூக்குலேர்ந்து நழுவுது. கதவு பரவாயில்ல. ரோட்டுல போறப்ப பஸ்ஸுல முட்டினா?

— பஸ்ஸுல முட்டல. பஸ் நம்பர்தான் தப்பாத் தெரிஞ்சு, ஊருக்கு வெளியே ஏதோ செங்கல் சூளைகிட்ட போய் இறங்கினேன். நல்ல காத்து. மேடம், ஒரு உண்மையைச் சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

— இன்னிக்கு மெஷின்ல வச்சுப் பார்த்தப்பவே தெரிஞ்சுடுச்சு. அது காட்டற பவர் ஒண்ணு, நீங்க வாயால சொன்னது வேற. வேணும்னே மாத்திச் சொல்லியிருக்கீங்க.

— அது ஒரு உத்தி. சரியான பதில் சொன்னா கண்ணாடியைக் கையில கொடுத்து அதோட அனுப்பிடுவீங்க. தப்பாச் சொன்னாத்தான் ரெண்டாவது சந்திப்பு திறக்கும்.

— திறக்குமா?

— எங்க தொழில்ல அப்படித்தான் பேசிக்குவோம்.

— என்ன தொழில்? நீங்க நிரப்பின கார்டுல 'எழுத்து வேலை'ன்னு மொட்டையாப் போட்டிருக்கு.

— கம்ப்யூட்டர்ல காதல் கேம் வருதுல்ல? ஸ்கூல் பொண்ணுங்க, ஆபீஸ் பொண்ணுங்க, பேக்கரிக்காரப் பொண்ணு, எல்லாரும் இருப்பாங்க. அவ ஒண்ணு பேசுவா, திரையில மூணு பதில் வரும். சரியானதைத் தொட்டா முகம் மலரும். தப்பானதைத் தொட்டா குடையை விரிச்சுக்கிட்டுப் போயிடுவா. யார்கிட்ட என்ன பேசணும்னு வழிகாட்டி எழுதறவன் நான். ஊர்ல யாருக்கும் மசியாத பொண்ணா இருந்தாலும் சரி, நான் கல்யாணம் வரைக்கும் கொண்டுபோயிடுவேன்.

— நிஜப் பொண்ணுங்ககிட்ட?

— அதுவும் முயற்சி பண்ணியிருக்கேன். லைப்ரரியில ஒருத்தங்க நல்லாப் பேசினாங்க. நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி மூணு பதிலையும் மனசுல ஓட்டிப் பார்த்தேன். அதுக்குள்ள அவங்க லைட்டை அணைச்சு, பூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

— நீங்க?

— உள்ளேயே இருந்தேன். வாட்ச்மேன் வந்துதான் திறந்துவிட்டார். என் அக்கா சொல்றா, நீ அந்தத் திரையோடயே குடும்பம் நடத்துடா, வாசல்ல கல்யாண சீரியல் லைட்டாவது நானே வாங்கிப் போடறேன்னு. அவளுக்கு என்ன தெரியும்? நான் எழுதற பேரைச் சொன்னா இந்த கேம் உலகத்துல ஒரு கூட்டமே எழுந்து நிக்கும்.

— என்ன பேரு?

— நிரந்தர மாப்பிள்ளை. மேடம், என்ன ஆச்சு, லென்ஸைக் கீழ போட்டுட்டீங்க?

— வழுக்கிடுச்சு. நீங்க எழுந்திரிக்காதீங்க, மிதிச்சிடுவீங்க. நானே எடுத்துக்கறேன்.

— நீங்க கேள்விப்பட்ட பேரா?

— இடது கண்ணை மூடறேன். கடைசி வரியைப் படிங்க.

— படிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. இவ்வளவு நேரமா லென்ஸை மாத்தி மாத்திப் போடறீங்க, ஒரு தடவைகூட உங்க விரல் என் இமையில படல. அந்த நிதானம் எல்லாருக்கும் வராது.

— முகத்தைப் புகழாதே, வேலையைப் புகழு.

— என்ன சொன்னீங்க?

— அதுதானே முதல் பாடம்? அடுத்து, சின்ன வயசுல என்னவா ஆகணும்னு ஆசைப்பட்டீங்கன்னு கேப்பீங்க.

— கேக்கத்தான் வாயைத் திறந்தேன்.

— விமானம் ஓட்டணும்னு ஆசை. உயரம் பத்தாதுன்னுட்டாங்க. இந்த இடத்துல நீங்க சிரிக்கக் கூடாது. 'இப்பவும் வானத்தை அண்ணாந்து பார்ப்பீங்களா'ன்னு மெதுவாக் கேக்கணும்.

— மேடம், நீங்க கேம் ஆடுவீங்களா?

— எனக்குச் சீட்டுக்கட்டே கலைக்கத் தெரியாது.

— அப்ப என் வழிகாட்டியைப் படிச்சிருக்கீங்க.

— ஒரு வரிகூடப் படிச்சதில்ல. உங்களுக்கு முன்னாடி இன்னொருத்தர் இதே கேள்வியோட வந்தார். பாவம், வானத்தைப் பார்ப்பீங்களான்னு கேக்க வேண்டிய இடத்துல பயந்துபோய், இன்னிக்கு மழை வருமான்னு கேட்டு வச்சார்.

— போட்டியா? இருக்கட்டும். என் பாடத்தைப் படிச்சுட்டு என்னையே ஜெயிக்க எவனாலயும் முடியாது. அந்த ஆள் இப்பவும் வர்றாரா?

— இல்ல. சார், நீங்க மேல பேசறதுக்குள்ள நானே சொல்லிடறேன். எனக்குக் கல்யாணம் ஆச்சு. அவர் இப்ப இல்ல. ராத்திரி படுத்தவர் காலையில எழுந்திரிக்கல. இதுக்கு உங்ககிட்ட மூணு பதில் இருக்கா?

— ஒண்ணுகூட இல்ல.

— யோசிச்சுச் சொல்லுங்க. நான் லைட்டை அணைச்சுட்டுப் போயிட மாட்டேன்.

— யோசிச்சும் இல்ல. எந்த கேம்லயும் இப்படி ஒருத்தங்க வந்ததில்ல.

— அப்ப எழுந்து போயிடலாம். உங்களைத் தப்பா நினைக்க மாட்டேன். நிறையப் பேர் இந்த இடத்துல மணியைப் பார்ப்பாங்க.

— எதுக்குப் போகணும்? வழிகாட்டி எழுதறவன் முதல் தடவை வழிகாட்டி இல்லாமத்தான் மேடம் ஆடியாகணும். எனக்கு முன்னாடி யாரு எழுதி வச்சிருக்கப் போறாங்க? தட்டுத் தடுமாறி, முட்டி மோதித்தான் போவேன். எனக்கு அது பழக்கம்.

— கேம்ல தப்புப் பண்ணினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சுக்கலாம். இங்க அது கிடையாது. சொன்னது சொன்னதுதான்.

— தெரியும். அதனால இப்ப நிஜத்தைச் சொல்றேன். ஒண்ணாவது லென்ஸ்தான் தெளிவு. ரெண்டாவதுல எல்லாம் மசமசன்னு இருக்கு. போன வாரத்துலேர்ந்தே அப்படித்தான்.

— இதைச் சொல்ல இவ்வளவு நேரம். சரி, அடுத்து. இது?

— கொஞ்சம் மங்கல்.

— இது?

— நல்லாத் தெரியுது. கடைசி வரி வரைக்கும்.

— ரெண்டு கண்ணையும் திறந்து, மெதுவா ரூமைச் சுத்திப் பாருங்க. தலை சுத்துதா?

— இல்ல. செவுத்துல ஈரம் பூத்திருக்கறது தெரியுது. ஸ்டூல் ஒரு காலுக்கு அட்டை முட்டுக் கொடுத்திருக்கீங்க. அப்புறம் நீங்க.

— என்னைப் பார்க்கறது பரிசோதனையில இல்ல.

— ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. கண்ணுக்குக் கீழ கறுத்துக் கிடக்கு.

— முகத்தைப் பத்திப் பேசவே கூடாதுன்னு பாடம் எழுதினவர் பேசற பேச்சா இது?

— அது பாடம். இது கண்ணால பார்த்தது. கடைசியா எப்ப மேடம் நல்லாத் தூங்கினீங்க?

— யாரும் இதைக் கேட்டதில்ல. தூக்கம் வர்றதில்ல. பக்கத்துல மூச்சுச் சத்தம் கேக்கலேன்னா நானே விழிச்சுக்கிட்டு காதை வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கேன். விடுங்க. சட்டத்தைக் கழட்டறேன், கண்ணை மூடுங்க.

— மூடிக்கிட்டே கேக்கறேன். எதிர்ல காபிக் கடை இருக்கு. உங்க வேலை முடியற வரைக்கும் அங்க உக்காந்திருக்கேன். வர்றீங்களா? இது பாடத்துல இருக்கறது இல்ல. பாடத்துல இதுக்கு முன்னாடி இன்னும் ஏழெட்டுப் படி இருக்கு.

— காபி வேண்டாம்.

— சரி. ஒரு தடவைக்கு மேல கேக்க மாட்டேன். அதுவும் பாடம் இல்ல, மரியாதை. கண்ணாடி எப்ப கிடைக்கும்?

— ஞாயித்துக்கிழமை.

— அன்னிக்குக் கடை லீவுன்னு கதவுல எழுதியிருக்கே. ரூமைச் சுத்திப் பார்த்தப்பத்தான் தெளிவாத் தெரிஞ்சுது.

— கடைக்கு இல்ல. மத்தியானம் வீட்டுக்கு வாங்க. சாப்பிட்டுட்டு, கண்ணாடியை வாங்கிக்கிட்டுப் போங்க. அட்ரஸ் எழுதித் தர்றேன்.

— வீட்டுக்கா? மேடம், எடுத்த எடுப்புலேயே வீட்டுச் சாப்பாடு எந்த கேம்லயும் கிடையாது. அது கடைசிக் கட்டம். கதவுல முட்டினதையும் பொய் சொன்னதையும் தவிர நான் அப்படி என்ன பண்ணிட்டேன்?

— மழை வருமான்னு கேட்டாரே ஒருத்தர், அவரைத்தான் நான் கட்டிக்கிட்டேன். உங்க வழிகாட்டியை நெட்டுருப் போட்டுக்கிட்டு வந்தவர், 'அந்த நிரந்தர மாப்பிள்ளை யாருன்னு கண்டுபிடிச்சு, ஒரு நாள் நம்ம வீட்டுல உக்கார வச்சுச் சோறு போடணும்'னு போற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார்.