பன்னிரண்டாவது அடி

சுண்ணாம்புச் சுவர் நிதானமாகத்தான் காயும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய பிறகும் சில மாதம் யாரும் கை வைக்காமல் இருந்தால் நல்லது என்று கொத்தனார் சடையப்பன் சொன்னார். எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. என் அக்கா தெய்வநாயகிக்குக் கண் தெரியாது. சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடப்பாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா, விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நீங்கள் கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். கேட்காததை இப்போது எழுதுகிறேன்.

சர்க்கரை நோயில் அக்காவுக்குப் பார்வை போய்ப் பதினோரு வருஷம். என் மனைவி இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். வீடு தாத்தா கட்டியது. என் மகன் சந்தோஷ் பெங்களூரில் வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்கிறவன். இடிக்காமல் சுண்ணாம்பு, செங்கல், தேக்கு என்று பழைய பொருள்களாலேயே வீட்டைப் புதுப்பித்து, உள்ளே இந்தக் காலத்து வசதிகளை வைக்கலாம் என்று படம் வரைந்து அனுப்பினான். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இன்னா வேணா மாத்திக்கோ வேணு. மாத்தினா எங்கிட்ட சொல்லிடு. என் கண்ணு இந்தக் கையிலயும் கால்லயும்தான் கீது.”

சொன்னேன். தினமும் சாயங்காலம் வேலையாட்கள் போன பிறகு அவள் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். சமையலறைக் கதவு எடுத்தது, அலமாரி இடம் மாறியது, எல்லாம். அவள் அடிகளை வாய்விட்டு எண்ணி மனப்பாடம் செய்துகொள்வாள்.

“உன் புள்ள வீட்ட மாத்துறான். நான் அறுவத்தெட்டு வயசுல வாய்ப்பாடு படிச்சிகினு கீறேன்.”

கூடத்துச் சுவர் முட்டை ஓடு மாதிரி வந்திருந்தது. பத்தே நாளில் இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. அவள் கை பட்டுப் பட்டு விழுந்த கோடு. சடையப்பன் தேய்த்து எடுத்தார். மறுபடி வந்தது.

“கொஞ்ச நாளைக்குச் சுவரத் தொடாம நடக்கக் கூடாதாக்கா?”

“காத்தப் புடிச்சிகினு நடக்கச் சொல்றியாடா?”

சிரித்தாள். நானும் சிரித்தேன். பதினோரு வருஷமாக அவளுக்கு ஊசி போட்டது, சோற்றைப் பிசைந்து வைத்தது, கடிதம் படித்துக் காட்டியது எல்லாம் நான்தான். அதிலெல்லாம் எனக்குக் குறை இருந்ததில்லை. அந்தக் கோட்டைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சுவரை ஒட்டி, நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழி ஒன்று உண்டு. தறியைப் பின்தெருக் கொட்டகைக்கு மாற்றியபோது அப்பா அதைப் பலகை போட்டு மூடினார். அக்கா அறையிலிருந்து சமையலறைக்குப் பத்தொன்பது அடி. பன்னிரண்டாவது அடி பலகைமேல் விழும். அந்தக் குழியை அகலப்படுத்தி, இறங்கி உட்கார்ந்து பேசுகிற இடமாக, கடப்பைக்கல் விளிம்போடு வரைந்திருந்தான் சந்தோஷ். அக்கா ஒரு காதுகுத்துக்காகத் தேவிகாபுரம் போயிருந்த நான்கு நாளில் வேலை முடிந்தது. குழியிலிருந்து சமையலறை வரை சுவரையும் கோடு தெரியாமல் புதிதாகப் பூசினார்கள்.

“அம்மாகிட்ட சொல்லிடுங்க சார்,” என்றார் சடையப்பன். ஒரு பெஞ்சையும் குறுக்கே போட்டுவிட்டுப் போனார். புதுத் தரையில் கீறல் விழும் என்று அதை நான் எடுத்து ஓரமாக வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளைக் கூட்டிவந்து, கையைப் பிடித்துக் கூடத்தின் மறுபக்கமாக அறைக்கு அழைத்துப்போனேன்.

“நான் இல்லாத நேரத்துல இன்னாத்தடா மாத்தினீங்க?”

“ஒண்ணும் இல்லக்கா.”

மறுநாள் காலையில் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா எண்ணிக்கொண்டே வந்தாள். சுவரில் அவள் கை உரசும் சத்தம் கேட்டது. எட்டு, ஒன்பது. அந்த நேரத்தில் வாயே எழவில்லை என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அது சரியில்லை. பத்து என்றபோது பேப்பரைத் திருப்பினேன். பதினொன்று என்றபோது அதை மடித்து மடியில் வைத்தேன். பன்னிரண்டு என்று அவள் சொல்லி முடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, தலையிலும் அடி. ஆறாம் நாள் கொஞ்சம் தெளிந்து என் கையைத் தேடிப் பிடித்தாள்.

“நீ சொல்லித்தான் இருப்ப வேணு. நான்தான் மறந்துட்டேன் இல்ல?”

“ஆமாக்கா. ரெண்டு தடவ சொன்னேன்.”

“பாவம், உன்ன பயமுறுத்திட்டேன்,” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிம்மதி அவளுக்குக் கிடைத்திருக்காது.

சுவரில் அந்தக் கோடு இப்போது குழியின் விளிம்புக்கு நேராக நின்றுவிட்டது. போன வாரம் சடையப்பன் வந்து, தேய்த்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அக்காமேல் எனக்கு இருந்த பிரியத்தை நினைத்து அவர் கண் கலங்கினார். பிரியம் இருந்தது உண்மைதான் அம்மா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.