முன் டயர் ரெண்டும் அகலமாவே இருக்கட்டும்

அகலமானதையே போட்டுடுங்கண்ணே. ஆமா, முன்னாடி ரெண்டுக்கும். பின்னாடி இருக்கறது இருக்கட்டும், அதைத் தொட வேணாம். நான் சரியாத்தான் சொல்றேன். எங்க வீட்டுக்காரரு சொல்லி அனுப்பினதைத்தானே சொல்றேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க. பொம்பளை வந்து டயரு சொல்றாளேன்னா. அவருக்கு ஆபீஸ்ல கப்பல் சரக்கு வேலையாம், பகல்ல வர முடியாதாம். சாயங்காலம் நேரா இங்க வந்து காரை எடுத்துக்குவாரு. பசாருக்குப் போறவதானே, சுப்பையன் டயர்க் கடையில ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போன்னாரு, வந்தேன். அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க, உக்காந்துக்கறேன். மாட்டி முடிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.

ஒண்ணும் குடிக்க வேணாம்ணே. நீங்க வேலையைப் பாருங்க.

இந்தக் காரோட கோலத்தைப் பாருங்களேன். வாங்கினப்போ ஒழுங்கான ஆஸ்டின் காருதான். துரை ஒருத்தரு ஊருக்கே போறேன்னு வித்துட்டுப் போனது. நாலு பேரு உக்காந்து மரியாதையாக் கோயிலுக்குப் போயிட்டு வரலாம். இவரு கைக்கு வந்துச்சு, அன்னைக்கே அதுக்குச் சனி பிடிச்சுது. முன்னாடி ஸ்பிரிங்கை வெட்டியாச்சு, பின்னாடி பட்டையை உருவியாச்சு. இப்போ அடியில ஒரு கோழி நுழைஞ்சா முதுகு தோலு உரிஞ்சிரும். கேட்டா, சிங்கப்பூர்ல பந்தயம் ஓட்டறவன் எவனோ இப்படித்தான் வச்சிருக்கானாம், பேப்பர்ல படம் பார்த்தாராம். அவன் பந்தயம் ஓட்டறான்லா. இவரு எங்க ஓட்டறாரு. வீட்டுல இருந்து ஆபீஸு, ஆபீஸ்ல இருந்து வீடு. நாடே சுதந்திரம் வாங்கிக் கொடியை மேல ஏத்தப் போவுது, எங்க வீட்டுல மட்டும் காரைக் கீழ இறக்கிக்கிட்டு இருக்கோம்.

அந்தச் செவப்பு ரிம்மு வந்த கதை தெரியுமா உங்களுக்கு. சிங்கப்பூருக்குச் சொல்லி விட்டு, கப்பல்ல வந்து எறங்குச்சு. நாலையும் நடு வீட்டுல வரிசையா நிக்க வச்சிருந்தாரு, சாமி படத்துக்குக் கீழ. எங்க ஜெயா போய் ஒண்ணைத் தொட்டுட்டா. அழுக்குக் கைன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, பிள்ளை பயந்து ஒண்ணுக்கே போயிட்டா. அவ பொறந்தப்போ கையில வாங்கக் கூச்சப்பட்டவரு, ரிம்மை மடியில வச்சுத் தொடைக்கிறாரு.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. நீங்க வெளிய இருந்து பாக்குறீங்க. நாங்க அந்தக் காருக்குள்ள போறவங்க. போறவங்கன்னு எங்க சொல்றது, ஆத்துப் பாலம் ஏத்தம் வந்தா அடி இடிக்கும்னு எங்களை எறக்கி விட்ருவாரு. நானும் பிள்ளையும் எங்க மாமியாரும் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும். இவரு மட்டும் ஒய்யாரமா ஓட்டிக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் நிறுத்தித் தலையைச் சீவிக்கிட்டு இருப்பாரு. நாங்க பக்கத்துல போனதும், ஏன் இவ்வளவு நேரம்னு வேற கேட்பாரு. பஸ்ஸுல போனா வாசல்ல கொண்டாந்து விடுவான். கார் வச்சிருக்கற வீட்டுப் பொம்பளைங்கதான் மலாக்காவுல அதிகமா நடக்கறவங்க.

என்னண்ணே, மறுபடியும் அதையே சொல்றீங்க. உரசும்னு நேத்து அவர்கிட்ட சொன்னீங்கதானே, தெரியும். ராத்திரி சோத்துல கை வச்சுக்கிட்டு அதைத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. அகலமானதைப் பார்த்தா அவருக்குக் கை அரிக்குது. நீங்க ஒரு பக்கம் மாட்டிக் காட்டினீங்களாமே, அதுல இருந்து தூக்கமே இல்ல. கண்ணாடி முன்னாடி நிக்கற மாதிரி காரு முன்னாடி நின்னு பார்த்துட்டு வந்திருக்காரு.

சரி, எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்க. நேரா ஓட்டினா உரசுமா. உரசாது. சடக்குல சாதாரணமா வளைவு வருது, அப்போ. அப்பவும் இல்ல. ஸ்டேரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிச்சாத்தான். ஒடிச்சா என்ன ஆவும், டயர் வெடிச்சிருமா. மெதுவாப் போறப்போ வெடிக்காது, மட்கார்டுல போய் முட்டிக்கிட்டு அதுக்கு மேல திரும்பாது. அவ்வளவுதானே. ஆளுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல. சத்தம் வருமா. ரோட்டுல போறவன் நின்னு திரும்பிப் பாக்குற அளவுக்கா. அப்படியா. சரி, போடுங்க.

அட, சும்மாத்தான் கேட்டேன். வீட்டுக் காரு, தெரிஞ்சு வச்சுக்கக் கூடாதா.

நட்டைக் கழட்டிட்டீங்க. நல்லது. கை நிக்க வேணாம், நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன். இன்னைக்கு யார்கிட்டயாவது பேசலைன்னா எனக்குத் தலை வெடிச்சிரும். நாளைக்கு எங்க வீட்டுல கூட்டம். உங்க காதுலயும் விழுந்திருக்கும், இந்தக் காஜா பெராங் வட்டாரத்துல விழாத காது ஏது. பூங்காவனத்துக்குப் புத்தி பிசகிப் போச்சு, புருஷனைச் சந்தேகப்படறா. அப்படித்தானே கேள்விப்பட்டீங்க. தலையைக் குனியாதீங்க, நீங்களா சொன்னீங்க.

நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். சனிக்கிழமை சாயங்காலமானா இவரு ஒரு வீட்டுக்குப் போறாரு. எந்த வீடுன்னும் சொன்னேன். தையக்காரி சீதா வீடு. ரவிக்கைத் துணி குடுக்கப் போனவ, வாசல்ல இந்தக் காரைப் பார்த்தேன். ஜன்னல் தொறந்து கெடந்துச்சு. உள்ள இவரு சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு பனியனோட உக்காந்திருக்காரு. அவ மீன்ல முள்ளு எடுத்து எடுத்து அவரு தட்டுல வைக்கிறா. எங்க வீட்டுல சாப்பாடுன்னா, முள்ளு இருக்குதுன்னு தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போற மனுஷன். நான் துணியைக் கக்கத்துல வச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன்.

கேட்டேன்ணே, கேக்காம இருப்பனா. இஞ்சின் சூடாயிடுச்சு, தண்ணி கேக்கப் போனேன்னாரு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரே வாசல்ல சூடாவுற இஞ்சினு. அதையும் எங்க மாமியாரு, ஆமாண்டி, வெயிலு காலம்தானேன்னு ஒத்துக்கிட்டாங்க.

அப்புறம் இவரோட அண்ணன் வந்தாரு, எங்க மச்சாண்டாரு. அப்பாசாமின்னா உங்களுக்குத் தெரியுமே, கோயில் கமிட்டியில எதுக்கும் முன்னாடி நிக்கறவரு. எங்க வீட்டுக்கு அவருதான் ஜட்ஜு. நாற்காலியில உக்காந்து தொண்டையைச் செருமிக்கிட்டு, யாரு பார்த்தான்னாரு. நான் பார்த்தேன்னேன். நீ பார்த்தது இருக்கட்டும்மா, வேற யாரு பார்த்தாங்கறாரு. அவரு பொய்யும் சொல்ல மாட்டாரு, அநியாயமும் பண்ண மாட்டாரு, அந்த அளவுக்கு நல்ல மனுஷன்தான். ஆனா அவருக்கு என் கண்ணு கண்ணு இல்ல. பொம்பளை பார்த்தா அது சந்தேகம். ஆம்பளை பார்த்தா அது சாட்சி.

தீர்ப்பு என்னன்னு கேளுங்க. புக்கிட் ரம்பாய்க்கு ஆள் சொல்லி அனுப்பிட்டாங்க, நாளைக்குக் காலையில எங்கண்ணன் வரணும். என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு. புத்தி தெளியற வரைக்கும் பொறந்த வீட்டுல இருக்கட்டுமாம். பிள்ளையை அனுப்ப மாட்டாங்களாம், ஜெயா அவங்க வீட்டுப் பிள்ளையாம். பெத்தவ புத்தி கெட்டவ, அவ கையில பிள்ளையைக் குடுக்கறது நல்லதில்லைன்னு எங்க மாமியாரு சொல்றாங்க, மச்சாண்டாரு தலையை ஆட்டறாரு, இவரு கார்ச் சாவியை விரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டு மோட்டுவளையைப் பாக்குறாரு.

எனக்கு அவரு வேணாம்ணே. நெசமாத்தான் சொல்றேன். அவரையும் அவரு ரிம்மையும் அந்தச் சீதாவே வச்சுத் தொடைச்சுக்கட்டும். அவ மேலகூட எனக்கு அவ்வளவு கோவம் இல்ல, அவகிட்ட என்ன பொய்யச் சொல்லி வச்சிருக்காரோ. எனக்கு என் பிள்ளை வேணும். நான் சொன்னது பொய் இல்லைன்னு ஆச்சுன்னா, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நானே எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், ஒருத்தனும் வாயைத் தொறக்க முடியாது. மச்சாண்டாரு அப்படி ஒரு ஆளு. ஒரு தடவை கண்ணால பார்த்துட்டாருன்னா தம்பின்னும் பாக்க மாட்டாரு. பாக்க வைக்கிறதுதான் கஷ்டம்.

இல்லண்ணே, சொல்லிப் பார்த்துட்டேன். சனிக்கிழமை வந்து அந்த வீட்டைப் பாருங்கன்னு கெஞ்சினேன். நான் போய் ஒரு பொம்பளை வீட்டு வாசல்ல எட்டிப் பாக்கறதா, என் மானம் என்ன ஆவறதுங்கறாரு. தம்பி உள்ள போவலாம், அண்ணன் வாசல்ல நின்னா மானம் போயிரும்.

ஆச்சா, ஒரு பக்கம் மாட்டியாச்சா. கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க. இன்னும். கடைசி வரைக்கும். அடடா. இவ்வளவு தூரம்தான் வருதா. தகரத்துல பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்குது சத்தம். நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க.

அண்ணே, பெரிய சடக்குல அந்தச் சீனன் கோப்பிக் கடைக்கு எதிர்ல ஒரு சந்து உள்ள போவுதே, தெரியுமா. ஒரு பக்கம் மாமரம், இன்னொரு பக்கம் ஆழமான லோங்காங். மழை பேஞ்சா ஆளையே இழுத்துக்கிட்டுப் போற சாக்கடை அது. அந்த மூலையில ஸ்டேரிங்கை முழுசா ஒடிச்சாத்தான் காரு உள்ள போவும், இல்லையா. நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாததா. போன வாரம் நான் குடையைப் பிடிச்சுக்கிட்டு மாமரத்துக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். பழைய டயர்லயே ரெண்டு கையும் பின்னிக்கிட்டுச் சுத்தறாரு, பின் பம்பரு மரத்தைத் தொடற மாதிரி போவுது. சந்துக்குள்ள போயிட்டா அப்புறம் காரை எவனும் பாக்க முடியாது. அதுக்குத்தான் அந்த வீடு அவருக்கு அவ்வளவு வசதி. மலாக்கா முழுக்கத் தேடினாலும் இப்படித் தரையை நக்கற காரு இது ஒண்ணுதானே, பெரிய சடக்குல நிறுத்தினா யாரு காருன்னு பச்சைப் பிள்ளையும் சொல்லும்.

ஆமாண்ணே. அந்தச் சந்துலதான் சீதா வீடு.

இப்போ ஏன் ஸ்பேனரைக் கீழ வச்சுட்டீங்க.

யாருக்கும் ஒண்ணும் ஆவாது, நீங்கதானே சொன்னீங்க. அரை காரு சந்துல இருக்கும், அரை காரு சடக்குல இருக்கும். முன்னாடியும் திரும்பாது, பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹார்ன் அடிப்பான், பின்னாடியும் வர முடியாது. இவரு எறங்கி நின்னு டயரைப் பார்ப்பாரு, அதைத் தவிர இவருக்கு என்ன தெரியும். சத்தம் கேட்டுச் சந்துல இருக்கறவங்க எல்லாம் வெளிய வருவாங்க. அவளும் வருவா. கையில விசிறியோட வந்து, வேர்த்துப் போச்சேன்னு நிப்பா, என் கண்ணுக்குத் தெரியுது.

மச்சாண்டாரா. அவரு அங்கதான் இருப்பாரு. பாக்கியம் அக்காதான் கூட்டிட்டு வர்றாங்க, அவரு சம்சாரம். சுதந்திரம் வருதுன்னு மெர்டேக்காவுக்குப் பெரிய சடக்குல வெளக்கு கட்டறாங்கல்ல, அதைப் பார்த்துட்டுச் சீனன் கடையில கோப்பி குடிக்கணும்னு அக்காவுக்குத் திடீர்னு ஆசை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவங்க கேட்டது இது ஒண்ணுதானாம், சரின்னுட்டாரு. வெளியில பார்த்த மாதிரி மேசையில உக்காருவாங்க. மாட்டேன்னு சொல்லப் பார்த்தாராம், அக்கா விடல. அந்த வீட்டுல எனக்கு ஒரு ஆளாவது இருக்குதுண்ணே.

போவாம இருந்தாலா. இன்னைக்கா. புது டயர் போட்ட சனிக்கிழமையில இவரு வீட்டுல உக்காருவாருன்னா நினைக்கிறீங்க. காலையிலயே வெள்ளைச் சட்டைக்குப் பெட்டி போட்டு வச்சாச்சு. நான்தான் போட்டேன்.

இன்னொண்ணு சொல்லிடறேன், உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். அவரு அகலமானது வேணாம்னுதான் சொல்லி அனுப்பினாரு. விடிய விடிய யோசிச்சுட்டு, பழைய அளவே போடச் சொல்லு, சந்து மூலையில திரும்பாதுன்னாரு. எந்தச் சந்துன்னு நான் கேக்கல. அவருக்கும் சொன்னது நாவுல இருக்கறப்பவே தெரிஞ்சிருக்கும், பேச்சை மாத்திட்டுக் கெளம்பிட்டாரு. நாளைக்கு உங்களைக் கேட்டாருன்னா, பொஞ்சாதிதான் வந்து சொல்லிச்சுன்னு தாராளமாச் சொல்லிடுங்க. புத்தி பிசகினவ, மாத்திச் சொல்லிட்டா. சாயங்காலம் காரை எடுக்க வர்றப்போ அவரு வாயே தொறக்க மாட்டாரு பாருங்க. அகலமா இருக்கறதைப் பார்த்ததும் மூலையாவது சந்தாவது.

எடுங்கண்ணே அந்த ஸ்பேனரை. உங்களுக்கும் ரெண்டு பொம்பளைப் பிள்ளை இருக்குது.

ம். அப்படித்தான். நல்லா இறுக்குங்க, பாதியில கழண்டு வந்துறக் கூடாது.

நான் எதுக்குண்ணே அங்க வர்றேன். சாயங்காலம் வீட்டுலதான் இருப்பேன், ஜெயாவுக்குத் துணி எடுத்து வைக்கிற வேலை கெடக்குது. நான் வந்து பார்த்து என்ன ஆவப் போவுது. நான்தான் ஏற்கெனவே பார்த்துட்டேனே.