ஐஞ்சாவது துண்டு

கடைசியா நான் கிளறன்ஸை உயிரோட கண்டது அந்தச் சனிக்கிழமை பின்னேரந்தான், மாஸ்டர். துறைமுகக் கேற்றடியில. சைக்கிள்ல ஏறிக்கொண்டு, நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவனெண்டு நேசத்திட்டச் சொல்லு எண்டான்.

இல்லையில்லை, இருங்கோ. தேத்தண்ணி ஆறப்போகுது. துக்கம் விசாரிக்க வந்த ஆளிட்டக் கணக்குக் கேக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. நீங்க கணக்குப் படிப்பிக்கிற ஆளெல்லோ.

ஓம், நாற்பத்திரண்டாம் ஆண்டு. உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள். ஞாயிறு காலமை துறைமுகக் கிடங்குக்குக் கணக்கெழுத எங்களில ஒரு கிளாக் வந்தே ஆகவேணும். நாங்க ஐஞ்சு பேரும் கொட்டாஞ்சேனை வேதக்காரர். பூசையை விட ஆருக்கு மனம் வரும்? அப்ப துண்டு குலுக்கிறதுதான். ஐஞ்சு கடுதாசித் துண்டு, ஒண்டில சிலுவை; அது வந்தவனுக்கு வேலை. பெரிய கிளாக்கின்ர தொப்பிக்குள்ள போட்டுக் குலுக்கிறது. வேலைப் பதிவில ஆரின்ர பேர் மேல இருக்கோ அவன் முதல். எடுத்த உடனே பிரிச்சுக் காட்டவேணும்.

முதல் றேமண்ட். அவன்ர வாய் சும்மா இராது. முந்தினவனுக்கு மீன், பிந்தினவனுக்குச் செதில் எண்டுகொண்டே எடுத்தான். வெறுந் துண்டு. அடுத்த ரெண்டு பேருக்கும் வெறுந் துண்டு. மூண்டு பேரும் தப்பினம் எண்டு ஓடிட்டினம். மிச்சம் நானும் கிளறன்ஸும், தொப்பிக்குள்ள ரெண்டு துண்டும்.

இப்ப சொல்லுங்கோ. முதல் எடுத்தா என்ன, கடைசியா எடுத்தா என்ன, எல்லாருக்கும் ஒண்டுதானே?

ஐஞ்சில ஒண்டு. அதேதான். நானும் பழைய பேப்பர்ல எழுதி எழுதிப் பாத்தனான், அதேதான் வருது. கடைசி ரெண்டு பேருக்கும்? ஓம், பாதிக்குப் பாதி. ஆர் முதல் கைவிட்டாலும் சமன்தான்.

கிளறன்ஸ் கைவிட்டான். சிலுவை. சிரிச்சான். சரி மச்சான், எனக்கும் சேத்துச் செபி எண்டான்.

காலமை ஏழரைக்கு யப்பான்காரன்ர பிளேன் வந்து குண்டு போட்டது. நான் கோயில்ல. யன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. கிடங்கில பிறகு ஒண்டும் இல்லை.

ஓம், அந்த நேசந்தான். என்ர மனிசி. கிளறன்ஸுக்குப் பேசியிருந்த பிள்ளை. ரெண்டு ஞாயிறு கோயில்ல கலியாண அறிவிப்பு ஓலையும் வாசிச்சாச்சு. அடுத்த வருஷம் நான் கட்டினனான். முப்பத்தொரு வருஷம். சண்டை எண்டு ஒண்டுமில்லை. ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறும் பூசையால வந்து, முக்காட்டை மடிச்சு வச்சிட்டு ஒண்டு கேப்பா. அந்தக் கடைசி ரெண்டு துண்டில முதல் எடுக்க ஆருக்கு முறை எண்டு. அவனுக்குத்தான் எண்டு சொல்லுவன். சரியெண்டு குசினிக்குப் போவா.

பதிவில என்ர பேர் அவன்ர பேருக்கு ஒரு வரி மேல, மாஸ்டர். முறை எனக்கு. கை வரேல்ல. நீ எடு மச்சான் எண்டன்.

ஓம், கணக்கில ஒண்டும் மாறாது. நீங்களும் சொல்லிட்டீங்க. அப்ப அவவுக்கு உண்மையையே சொல்லியிருக்கலாம். போன மாசம் அவவை மாதம்பிட்டியில அடக்கம் பண்ணியாச்சு.

தொப்பிக்குள்ள மிஞ்சின துண்டு என்ர செபப் புத்தகத்துக்குள்ள கிடக்கு. மடிச்சபடி. கணக்குப்படி அது வெறுந் துண்டுதான். நான் இன்னும் பிரிக்கேல்ல.