தண்ணீர் குடியுங்கள் என்று சொல்ல வந்தவள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் தையல் ஆலையின் மேலாளர் அவர்களே, அவர் அருகே அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, வெட்டுப் பிரிவின் மூத்த ஐயாமார்களே, எட்டு மணி நேரம் தைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தபடி வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, தங்கைமார்களே, அனைவருக்கும் அலுத்துப்போன ஒரு லைன் லீடரின் அன்பு வணக்கம்.

நலவாழ்வு நாளாம். நல்ல பழக்கங்களைப் பற்றிப் பேச வேண்டுமாம். நாவன்மை உள்ளவள் நான்தானாம். காலையில் நட, கண்ணுக்கு ஓய்வு கொடு, களைத்தால் உறங்கு, கவலையை யாரிடமாவது சொல், தண்ணீரைத் தவறாமல் குடி. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என்னம்மா, பின்வரிசையில் கேட்கவில்லையா? மைக்குக்கும் என்னைப் போலத் தொண்டை கட்டிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாளை மடித்துவிடுகிறேன். படிக்க மனம் வரவில்லை.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்காதே என்பார்கள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இரண்டையும் சேர்த்து அடக்கப் பழகியவர்கள் அல்லவா நாம்? நான் மேற்பார்க்கும் நம் தையல் லைனில் நாற்பது பேர். கழிவறைக்குப் போக டோக்கன் ஒன்றே ஒன்று. அது தொங்குவது என் மேசையில். கேட்டால் கிடைக்கும். ஆனால் கேட்க வேண்டும்.

என் கூடப்பிறந்த அக்கா அதே லைனில் காலர் தைக்கிறாள். போன வருடம் ஓர் ஆர்டர் அவசரத்தில், காலையிலேயே இரண்டாவது முறை வந்து கை நீட்டினாள். "இப்பத்தானே போனே? குடம் குடமாவா குடிக்கிறே?" என்றேன். லைனே சிரித்தது. அவள் திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள்.

சென்ற மாதம் அவளுக்குக் காய்ச்சல், முதுகு வலி. நான்தான் கூட்டிப்போனேன். இதோ, இந்த மருத்துவர் அம்மாதான் பார்த்தார்.

"வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"வீட்டுக்குப் போய்தான் குடிப்பேன் டாக்டர்."

"எத்தனை நாளா இப்படி?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "ஒரு வருஷம் இருக்கும்" என்றாள்.

சிறுநீரில் கிருமி ஏறி ஏறி, ஒரு சிறுநீரகம் பாதி பழுதாம். இனியாவது தண்ணீர் குடித்தால் மற்றதைக் காப்பாற்றலாமாம். வெளியே வந்ததும், "ஏன்க்கா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"உன்கிட்டதானே கேட்டேன்" என்றாள்.

யாரை நோவேன்? மேலாளரையா? தைத்த உருப்படி எண்ணிக்கை குறைந்தால் அவர் என்னைத்தான் கேட்பார், உண்மை. ஆனால் அந்தச் சொல் யார் வாயில் வந்தது? என் வாயில். எத்தனை பேரிடம் வந்தது? வயிற்றில் பிள்ளையோடு வந்தவளிடமும் வந்தது. நல்ல பழக்கம், நல்ல பழக்கம் என்கிறோமே, அடுத்தவளை அடக்கப் பழக்கியது என்ன பழக்கம்? வெட்கமாக இருக்கிறது, தாய்மார்களே.

தலைவர் அவர்களே, அந்த டோக்கனை உங்கள் முன் வைக்கிறேன். நாளை முதல் அது என் மேசையில் தொங்காது. லைன் லீடர் பதவி போனால் போகட்டும், காலர் தைக்க எனக்கும் தெரியும். கை தட்ட வேண்டாம். அதைக் கேட்கும் தெம்பு இன்று இல்லை.

மூன்றாம் வரிசையில் அக்கா எழுந்திருக்கிறாள். பேச்சு முடியுமுன்னே எழுந்துவிட்டாள். வழி விடுங்கள். எங்கே என்று யாரும் கேட்காதீர்கள்.

இருந்து கேட்டவர்களுக்கு என் நன்றி. எழுந்து போகிறவர்களுக்கு என் வணக்கம்.