யுவராணியின் பத்துப் படங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, சார். வருடம் முழுக்கப் பார்த்த படங்களில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துவிட வேண்டுமே, அந்தக் கவலை. வீட்டில் எல்லோரும் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஆறாவது இடம் எதற்கு, ஏழாவது இடம் எதற்கு என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன்.

'நீயே எழுதுப்பா அமலா' என்று காகிதத்தைக் கொடுத்தீர்கள். நல்லதாகப் போயிற்று. எனக்கு எழுத வரும், பேசத்தான் அவ்வளவாக வராது.

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சினிமா விமர்சனத்துக்கென்று யூடியூப் சேனலும் நடத்துகிறேன். வருடக் கடைசி நாளன்று, புத்தாண்டுப் பூசைக்குப் போவதற்கு முன்னால், என் பத்துப் படங்களை வெளியிட்டுவிடுவேன். அதற்குப் பிறகு விருது சீசன். யாருக்குக் கொடுப்பார்கள், யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று தனித்தனியாகப் பேசுவேன். பெரும்பாலும் தப்பான ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். சென்னையில் விருது கொடுக்கிற ஓர் அமைப்புக்கு, என்னையும் நடுவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வருடா வருடம் மெயில் போட்டேன். பதில் வந்ததில்லை. அதற்காக நான் யாரையும் திட்டியதில்லை.

யுவராணி என் கடைக்கு வந்தது உடைந்த போனோடுதான். வத்தல்மலையில் விவசாயம் பார்க்கும் மாது என்பவரின் மகள். சுவரில் மாட்டியிருந்த போஸ்டர்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. நான்தான் அவளுக்கு வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும், எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். என் பழைய மைக்கையும் கொடுத்தேன். படம் முடிந்து கடைசிப் பெயர் ஓடி மறையும் வரை எழுந்திருக்கக் கூடாது, பாதியில் எழுந்தவனுக்கு நல்லது கெட்டது சொல்ல உரிமை இல்லை என்றும் சொன்னேன். அது என் கொள்கை.

அவளும் ஒரு சேனல் தொடங்கினாள். வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டே படத்தைப் பற்றிப் பேசுவாள். "எங்கூரு பொம்பளைங்க இப்பிடியாங்க அழுவாங்க? மூக்கச் சிந்தி முந்தானையில தொடைக்க வேணாமா?" என்பாள். அவ்வளவுதான் விமர்சனம். லட்சம் பேர் பார்த்தார்கள். நான் கேமரா கோணங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் என் சித்தப்பா மகன்கூடப் பாதியில் ஓடிவிடுவான்.

கடைக்கு வருகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. "அமலா, அந்த மலைப்புள்ள என்னமா பேசுது! நீயும் இருக்கறியே" என்றார்கள். நானும் சிரித்தேன். டிசம்பரில் அந்தச் சென்னை அமைப்பு அவளை நடுவராகக் கூப்பிட்டது. எனக்குத்தான் முதலில் போன் செய்து சொன்னாள். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வாடிக்கையாளர் போனின் திரையைத் தெரியாமல் உடைத்துவிட்டேன். தயவுசெய்து பொறாமை என்று எழுத வேண்டாம் சார். வயிற்றெரிச்சல் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வயிறு எரிந்தது.

வருடம் முடிவதற்கு முந்தைய நாள் மலைக்குக் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க பாத்து நல்லாருக்குதுன்னு சொன்னாத்தான் காலையில ஏத்துவனுங்க" என்றாள். அவளும் பத்துப் படங்கள் போட்டிருந்தாள். போனில் காட்டினாள். நான்காவது படம் வரை பார்த்தேன். என் பட்டியலின் முதல் படம் அவள் பட்டியலில் நான்காவதாக இருந்தது. அதைப் பற்றி நான் எழுதிவைத்திருந்ததைவிட அவள் நன்றாகப் பேசியிருந்தாள். "போதும்மா, நல்லாருக்கு, ஏத்திரு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"கடைசி வரைக்கும் பாருங்கண்ணா."

"இருட்டுறதுக்குள்ள எறங்கணும்" என்றேன்.

அவர்கள் ஊரில் சிக்னல் சரியாக வராது. வீடியோ ஏற்ற வேண்டுமென்றால் மலைப்பாதையில் கீழே ஒரு வளைவுக்கு வர வேண்டும். பனி விலகுவதற்கு முன்பே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். அந்த வளைவுக்குச் சற்று மேலே, மழையில் ரோட்டின் ஓரம் பாதி சரிந்து கிடக்கிறது. மேலிருந்து இறங்குகிறவர்களுக்குத் தெரிய, அதற்கு முன்னால் மலைக்காரர்கள் கல் அடுக்கிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். பனியில் அவர்கள் ரோட்டைப் பார்த்து ஓட்டுவதில்லை, வெள்ளைக் கல்லைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். கல் தெரிந்தால் ஒதுங்குவார்கள், தெரியாதவரை நேராகப் போவார்கள்.

இறங்கும்போது அங்கே வண்டியை நிறுத்தினேன். கற்களைப் பள்ளத்துக்கு முன்னாலிருந்து எடுத்து, பள்ளத்தைத் தாண்டிக் கீழே அடுக்கினேன். ஒரு கல்லையும் தூக்கி எறியவில்லை. முன்பு இருந்ததைவிட ஒழுங்காகவே அடுக்கினேன். படத்தொகுப்பில் இதைத்தான் செய்வோம், இங்கே இருப்பதை எடுத்து அங்கே வைப்போம். நல்ல படத்தொகுப்பு கண்ணுக்குத் தெரியாது.

வேறு யாராவது வந்திருந்தால் என்று கேட்டீர்கள். அதை நான் யோசிக்கவில்லை.

யுவராணியின் அடக்கத்துக்குப் போனேன். மாது அண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள எப்பவும் உங்களப் பத்தித்தானுங்க பேசிக்கிட்டு இருக்கும்" என்று அழுதார். அந்தக் கற்களுக்கு நான் போவதற்குச் சற்று முன்புதான் சுண்ணாம்பு அடித்தவர் அவர். அது காய்ந்திருக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அங்கே நின்றிருந்த உங்கள் ஏட்டய்யா என் பைக் கைப்பிடியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கவனித்தார்.

அதற்குள் என் பட்டியலை வெளியிட்டுவிட்டேன். யுவராணிக்குச் சமர்ப்பணம் என்று அவள் புகைப்படத்தை முதலில் போட்டேன். பேசும்போது குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை. என் சேனலில் அவ்வளவு பேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நேற்று அவள் போனிலிருந்த வீடியோவை எனக்கு முழுவதும் போட்டுக் காட்டினீர்கள். பத்துப் படமும் முடிந்த பிறகு அவளே ஒரு விருது கொடுக்கிறாள். "எனக்குப் படம் பாக்கக் கத்துக்கொடுத்த காரிமங்கலம் அமலன் அண்ணனுக்குங்க. சென்னைக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன், அவர நடுவராப் போட்டாத்தான் நான் வருவேன்னு" என்று சிரிக்கிறாள். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. கொஞ்சம் அழுகை வரத்தான் செய்தது.

கற்களை நகர்த்தியது நான்தான். அவள் சாக வேண்டும் என்றுதான் நகர்த்தினேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வீடியோவை அவள் சேனலில் ஏற்றப்போவதாக மாது அண்ணன் சொன்னாராமே. அதில் என் பெயர் இருக்கிறது, உண்மைதான். இருந்தாலும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், சார். என்னுடையதைவிட அதை நிறையப் பேர் பார்த்துவிடுவார்கள்.