இமைக்கட்டிக்கு இரவல் பெயர்

பதுளையில் இருபத்திரண்டு ஆண்டுகள் நுணுக்குக்காட்டியின் முன் குனிந்திருந்து, மலைமக்களின் நோய்களுக்கு மெய்யான பெயர் கண்டு சொன்ன நோயியல் நிபுணர் டாக்டர் காமிலா அவர்களே!

பணி ஓய்வு பெறும் தங்களை இச்சபையில் வாழ்த்தும் உரிமையை மடுல்சீமை வீரய்யா கேட்டுப் பெற்றார். தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மூன்று தலைமுறைக் கங்காணிக் குடும்பத்தின் மூத்தவர் அவர். இன்று தலைகுனிந்தே இதை வாசிக்கிறார்.

அவருடைய பேத்தி விதுஷாவுக்கு நிச்சயதார்த்தம் முடிந்த மாதத்தில், மேலிமையில் கல் போன்ற கட்டியொன்று தோன்றியது. புற்றுநோயாயின் இமையையே வெட்ட நேரும் என்றார் கிளினிக் மருத்துவர். சோதனைக்குச் சிறு துண்டு எடுத்தார்கள். பெயர் கேட்டபோது, செய்தி மாப்பிள்ளை வீட்டை எட்டிவிடும் என்று அஞ்சிய வீரய்யா, தம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெரியாயியின் பெயரைச் சொன்னார்.

அந்தத் துண்டைத் தாங்கள் மேலோட்டமாகப் பார்த்து ஒதுக்கவில்லை. மெல்லியதாகச் சீவிச் சீவிப் பார்த்து, கரு இழந்து நிழலாய் நின்ற உயிர்க்கலங்களைக் கண்டீர்கள்; இமையில் அரிதாக வரும், மயிர்வேரில் பிறந்த தீங்கற்ற கட்டி என்று உறுதி செய்தீர்கள். மிச்சத்தை அகற்ற, அடுத்த கிளினிக் நாளில் தவறாமல் வருமாறு கடிதம் போனது.

போனது பெரியாயிக்கு. முன்பு தோட்டத்துக் கண் முகாமுக்குச் சென்றிருந்த அவர், தமக்கே நோய் என்று நம்பிவிட்டார். சிங்களத்தில் இருந்த கடிதத்தை வாசித்துக்காட்டச் சொல்லி வீரய்யாவிடமே கொண்டுவந்தார். அப்போதும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. "பயப்படாம போயிட்டு வா பெரியாயி" என்றார்.

துண்டும் ஆளும் பொருந்தவில்லை என்று கிளினிக்கிலிருந்து அழைக்க, தாங்களே வந்து பெரியாயியின் இமைகளைப் புரட்டிப் பார்த்தீர்கள். வெட்டிய தழும்பே இல்லை.

"அப்ப என் பேருக்குத்தான் சீக்கு போலங்க டாக்டர்" என்றாராம் அவர்.

அன்று மாலை வீரய்யாவின் வாசலில் வந்து நின்றார்.

"கேன்சர் இல்லீங்களாம் ஐயா. ஆளு வந்தா கட்டிய மட்டும் எடுத்துருவாங்களாம், இமைக்கு ஒன்னும் ஆகாதாம். யாருன்னு கேட்டாங்க, தெரியாதுன்னுட்டேன். பாப்பா இமையில கட்டு போட்டிருந்தது என் கண்ணுலயும் பட்டுச்சுங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் வீரய்யா தங்கள் மேசை முன் நின்று உண்மையைச் சொன்னார். தாங்கள் விதுஷாவின் தழும்பைப் பார்த்து உறுதி செய்து, பெயரைத் திருத்தினீர்கள். கடிந்துகொள்ளவில்லை. "அந்தம்மா எத்தன நாள் பயந்துகிட்டு இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டீர்கள். அதற்கான பதிலை வீரய்யா, மாப்பிள்ளை வீட்டாரும் அமர்ந்திருக்கும் இந்தச் சபையில், விதுஷாவின் சம்மதத்தோடு இப்போது சொல்கிறார்: பதினோரு நாள்.

விதுஷாவின் இமை இன்று குறையின்றி மூடித் திறக்கிறது. நுணுக்குக்காட்டியில் களைத்த தங்கள் கண்கள் இனி இந்த மலைகளை ஆறுதலாகப் பார்க்கட்டும்; உடல்நலமும் மனநிறைவும் சூழத் தாங்கள் நெடுங்காலம் வாழ்க.

இங்ஙனம்,
பெரியாயி (இம்முறை அவரே இட்ட கையெழுத்து)
அவருக்குக் கீழே, வீரய்யாவும் குடும்பத்தாரும்
மடுல்சீமை